படத்தில் அழாதவர்கள்

அழாதவள் என்று பேரெடுத்தவளுக்குப் போய் அந்தச் சாவுப் படம் வந்து சேர்ந்தது. யாரைக் குறை சொல்வது? சீட்டுக் குலுக்கித்தானே போட்டார்கள். கூடப் பயிற்சிக்கு வந்த தானிஷ் எடுத்த சீட்டில் பனியில் நிற்கிற கொக்கு வந்தது. சீட்டை முத்தமிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மோகனாவின் சீட்டைப் பிரித்துப் பார்த்த சஹர் மேடம் கொஞ்சம் தயங்கினாள். "மோகனாக்கா, வேணும்னா மாத்திக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றாள். "எதுவா இருந்தா இன்னா மேடம், பரவால்ல" என்றாள் மோகனா. அந்த வருஷம் முழுக்க அவள் எல்லாவற்றுக்கும் சொன்ன பதில் அதுதான்.

வேலூரில் லாங் பஜாருக்குப் பின்னால் ஜப்பான் பங்களா எங்கே என்று கேட்டால் தள்ளுவண்டிக்காரரே வழி சொல்லிவிடுவார். தோல் ஏற்றுமதி செய்கிற முனீர் அகமது குடும்பத்தின் பழைய தோல் மண்டி அது. முனீர் அகமதுவின் தகப்பனார் அந்தக் காலத்தில் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் வியாபாரத்துக்குப் போய் வந்தவர். மற்ற முதலாளிகள் திரும்பும்போது ரேடியோ, கைக்கடிகாரம் என்று வாங்கி வந்தார்கள். இந்த மனுஷன் சுருட்டிய படமும் அரக்குப் பெட்டியுமாக வாங்கி வந்து வீட்டில் திட்டு வாங்கினார். இப்போது அதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. டிக்கெட் கிடையாது, வருகிறவர்களுக்கு மோர் உண்டு. மழை பெய்தால் மட்டும் சுவரிலிருந்து பழைய தோல் வாடை கிளம்பும். அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

படம் இருந்தது, மோர் இருந்தது, எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. முனீர் அகமதுவின் மகள் சஹர் வடக்கே போய்க் கலை வரலாறு படித்துவிட்டு வந்தவள். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் தங்கள் வழிகாட்டிகளுக்காகப் போட்டு வைத்திருக்கிற பாடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து தமிழில் எழுதி, படத்துக்கு ஓர் அட்டை என்று செய்து வைத்தாள். யார் வரைந்தது, பட்டிலா காகிதத்திலா, வெளிச்சத்தை ஏன் குறைத்து வைத்திருக்கிறோம், நீளச் சுருளை ஏன் வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும், எல்லாம் அட்டையின் முன்பக்கம். பின்பக்கத்தில் எல்லா அட்டைக்கும் ஒரே மூன்று கேள்விகள். இதில் என்ன தெரிகிறது? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? வந்தவர்களைப் பேசவிட்டு, அவர்கள் பேசி முடித்த பிறகுதான் வழிகாட்டி வாயைத் திறக்க வேண்டும். நம் ஊரில் நடக்கிற காரியமா இது? வாத்தியாரிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்கிற ஊர். தானிஷ் அதில்தான் திணறினான். டிகிரி முடித்தவன், தெரிந்ததைச் சொல்லாமல் அவன் நாக்கு நிற்காது.

மோகனாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. கேள்வியைக் கேட்பாள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவள் முகத்தில் சரி என்றும் இருக்காது, தப்பு என்றும் இருக்காது. எதிரில் நிற்பவர்கள் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து, வேறு வழியில்லாமல் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சஹருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அக்கா, உங்க ஃபீலிங்க யார் மேலயும் திணிக்கறதே இல்ல. இது சொல்லிக் குடுத்து வராது" என்றாள். அடப் பாவமே, திணிக்க ஒன்று இருந்தால்தானே திணிப்பாள்!

புருஷன் செல்வகுமார் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. நாட்றம்பள்ளியில் ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பியவனை ஹைவேயில் லாரி அடித்துப் போட்டது. வீட்டு வாசலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மோகனா தலைமாட்டில் உட்கார்ந்தாள். வந்த பெண்கள் எல்லாம் அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அவள் கட்டிப் பிடிக்கக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. "அழுதுடு மோகனா, இல்லனா நெஞ்சு வெடிச்சிடும்" என்று ஒருத்தி முதுகில் அறைந்தாள். இன்னொருத்தி தொடையில் கிள்ளினாள். கிள்ளிய இடம் பிறகு கன்றிப்போயிற்றே தவிர அப்போது அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒரே பக்கமாக உட்கார்ந்து கால் மரத்துப் போகும் பாருங்கள், அவளுக்கு ஆள் முழுக்க அப்படி ஆகிவிட்டது.

அவளுக்கும் சேர்த்து அழுதவள் எல்லம்மா. செல்வகுமாரின் அக்கா, ஆலங்காயத்துப் பக்கம் கட்டிக்கொடுத்த இடம், பிள்ளை குட்டி இல்லாதவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள், மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் இருக்கும்போதே எழுந்து நின்று, மோகனாவின் மகள் லக்ஷிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்னவன் செத்ததுக்கு ஒரு சொட்டு தண்ணி வுடாதவகிட்ட புள்ளைய எத நம்பி வுடறது? நாளைக்கு இதுக்கு ஒண்ணுன்னாலும் இவ இப்படித்தான் உக்காந்துனு இருப்பா. நான் கூட்டினு போறேன்" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான பேச்சு. அதற்கு மோகனா என்ன சொன்னாள் தெரியுமா? "சரி அண்ணி." பெற்றவள் சொல்கிற சொல்லா அது? ஆனால் அதைத்தான் சொன்னாள்.

ஒரு விதத்தில் அதற்கு வேறு வழியும் இல்லைதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மோகனாவுக்கு வேலை. விடியும் முன்னால் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டின பிறகு இறக்கிவிடும். புருஷன் இருந்தவரை ஆள் மாற்றி ஆள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். தனியாளாக முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாணியம்பாடி போய், அங்கிருந்து ஆலங்காயம் பஸ் பிடித்துப் போவாள். நான்காம் வகுப்பு படிக்கிற லக்ஷிதா எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைக் காட்டுவாள். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேம்மா." "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." பிள்ளை அடம் பிடிக்கவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. தொல்லை இல்லாமல் இருக்கிறாள் என்று மோகனா திரும்பி வருவாள். பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆசை, ஏக்கம் என்றெல்லாம் சொல்ல முடியாது. அடுப்பில் சிலிண்டர் தீர்ந்துபோயிருக்கிறது என்று தெரிகிற மாதிரி அது தெரிந்தது.

பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு, "பாப்பாவ நான் கூட்டினு போவட்டுமா அண்ணி" என்று கேட்டேவிட்டாள். எல்லம்மா வாழைக்காய் அரிந்துகொண்டே, "ஸ்கூல் வுட்டு வந்தா கதவத் தொறக்க வூட்ல ஆளு வேணாவா? சாயங்காலம் வூட்ல இருக்கிற மாதிரி ஒரு வேல தேடிக்கோ. அப்புறம் பேசு" என்றாள். அந்த வாரம்தான் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஜப்பான் பங்களாவுக்கு வழிகாட்டிகள் எடுக்கிற காகிதம் ஒட்டியிருந்தது. கம்பெனியும் முனீர் அகமது குடும்பத்துடையதுதான். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துகிற வேலை. பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற்றால் வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் வேன். மோகனா பேர் கொடுத்தாள்.

இப்போது அந்தப் படம். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். புத்தர் கண் மூடிய நாள் அது. ஜப்பானில் கோயில்களில் வருஷத்துக்கு ஒரு தரம், அந்த நாளில் மட்டும் அப்படிப்பட்ட படத்தைத் தொங்கவிடுவார்களாம். நடுவில் கட்டிலில் அவர் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். சுற்றிலும் மரங்கள், பாதி மரம் வெளுத்துப் போயிருக்கிறது. மேலே முழு நிலா. வானத்து மூலையிலிருந்து அவரைப் பெற்றவள் மேகத்தின் மேல் இறங்கி வந்துகொண்டிருக்கிறாள். கீழே சீடர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். ஒருத்தர் மூர்ச்சை போட்டுக் கிடக்கிறார். யானை மல்லாந்து அழுகிறது, மாடு அழுகிறது, நத்தைகூட வந்திருக்கிறது. தலைமாட்டுப் பக்கம் இரண்டு பேர் மட்டும் அழாமல் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி அட்டையில் இப்படி இருந்தது: 'இவர்கள் ஞானம் அடைந்தவர்கள். எதுவும் நிலையில்லை என்று அறிந்தவர்கள். அதனால் அழவில்லை.' மோகனா அதை மனப்பாடம் செய்துகொண்டாள். தனக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தேர்வு என்றால் எழுதுவது இல்லை. நிஜமாகவே ஒரு கூட்டம் பார்க்க வரும், அவர்களுக்குப் படத்தைக் காட்ட வேண்டும், சஹர் மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். தானிஷ் காலையில் ஒரு பாலிடெக்னிக் கூட்டத்துக்குக் கொக்கைக் காட்டி முடித்துவிட்டான். மத்தியானம் மோகனாவுக்கு ஒரு மகளிர் குழு. வேன் வந்து நின்றது. மஞ்சள் சீலையும் பச்சைச் சீலையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் எல்லம்மா.

மோகனாவுக்குத் திடுக்கென்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 'ஓ, அண்ணி' என்று மட்டும் நினைத்தாள். எல்லம்மா இவளைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி கடைசியில் நின்றுகொண்டாள்.

குழுத் தலைவி கோவிந்தம்மாள் என்று ஒருத்தி, வாய் ஓயாதவள். "காலைல கோட்ட பாத்தாச்சி, சாயங்காலம் தங்கக் கோவிலு. நடுவுல வெயிலுக்கு இங்க. எங்க எல்லம்மாதான் இங்க போவணும்னு ஒத்தக் கால்ல நின்னா. மோரு குடுப்பாங்களாமே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். பீங்கான் ஜாடிகளைத் தாண்டி, கொக்கைத் தாண்டி, கூட்டம் அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றது. அட்டை சொன்ன மாதிரி மோகனா படத்துக்கு இடப்பக்கம் நின்றுகொண்டாள். புத்தரின் தலை இருந்ததும் அந்தப் பக்கம்தான்.

"இதுல இன்னா தெரியுதுங்க?" என்றாள் மோகனா.

"சாவு தெரியுது" என்றாள் கோவிந்தம்மாள் பட்டென்று.

"எத வச்சி சொல்றீங்க?"

"நல்லா கேட்ட போ! நடுவுல ஒருத்தரு படுத்துனு இருக்காரு, சுத்தி நின்னு ஊரே அழுவுது. இதுக்கு மேல இன்னா வேணும்? தூங்கறவனப் பாத்து எவனாவது அழுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மாடு அழுவுது பாரு" என்றாள் ஒருத்தி. "மேல ஒருத்தி வர்றாளே, ஆத்தாக்காரியா இருக்கும். லேட்டா சேதி சொல்லி இருக்கானுங்க, பாவிங்க" என்றாள் இன்னொருத்தி. சஹர் மூலையில் எழுதிக்கொண்டே போனாள். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

பிறகு கோவிந்தம்மாள் மோகனாவை ஏற இறங்கப் பார்த்தாள். பொட்டில்லாத நெற்றி, மெல்லிய மஞ்சள் கயிறுகூட இல்லாத கழுத்து, தலைமாட்டில் அசையாமல் நிற்கிற நிற்பு. என்ன நினைத்தாளோ, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சாவு வூட்டுக்கு வந்துட்டு நின்னுனே பாத்துட்டுப் போவக் கூடாதுடி. படமா இருந்தா இன்னா, சாவு சாவுதான். உக்காருங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ராஜம்மாள் என்று ஒருத்தி, போன ஆடியில் வளர்ந்த மகனைத் தூக்கிக் கொடுத்தவள், படத்தில் மேகத்தின் மேல் வருகிற தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையிலிருந்து மெதுவாக ஒரு ஒப்பாரி இழுப்பு கிளம்பியது. பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் கை போட்டாள். அந்தக் கையைத் தொட்டு இன்னொருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குளிரூட்டிய அறைக்குள் நிஜமான இழவு வீடு ஒன்று உண்டாகிவிட்டது. காவலுக்கு நின்ற காஷிஃப் எட்டிப் பார்த்துவிட்டு, "யா அல்லா" என்று பின்னால் நகர்ந்தான். வெளிநாட்டு அருங்காட்சியகம் எதுவும் இதற்குப் பாடம் எழுதியிருக்கவில்லை. சஹர் பேனாவைப் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"வாம்மா" என்று கோவிந்தம்மாள் மோகனாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். தலைமாட்டில் நிற்பவள் வந்து வட்டத்தில் உட்கார வேண்டும், வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதுதானே முறை. மோகனா நின்ற இடத்திலேயே நின்றாள். வழிகாட்டி பார்வையாளர்களைத் தொடக் கூடாது என்று அட்டையில் இருந்தது.

"அவ வர மாட்டா" என்றாள் எல்லம்மா. அந்தக் கூட்டத்தில் உட்காராமல் நின்றவள் அவள் ஒருத்திதான். "அவளுக்கு அழத் தெரியாது."

"யாருடி இது?"

"என் தம்பி பொண்டாட்டி."

அழுகை சட்டென்று நின்றது. அந்தக் கதை ஆலங்காயத்துப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எல்லம்மா சொல்லாத வீடு இல்லை. கோவிந்தம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் திண்டாடினாள்.

எல்லம்மா பெண்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். விரலை நீட்டினாள். "தோ, தலமாட்டுல நிக்கிறானுங்களே ரெண்டு பேரு. இவனுங்க ஏன் அழல? சொல்லு. படிச்சிருப்ப இல்ல, சொல்லு."

பதில் மோகனாவின் நாக்கு நுனியில் இருந்தது. இவர்கள் ஞானம் அடைந்தவர்கள். சொல்லியிருந்தால் தேர்வும் முடிந்தது. அழாதவர்களுக்குப் பெரிய இடம் உண்டு என்று நாத்தனாருக்குச் சபையில் சொன்ன மாதிரியும் ஆயிற்று. யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மோகனா வாயைத் திறந்தாள். திறந்தவளுக்கு அது பொய் என்று பட்டது. படத்தில் நிற்பவர்களுக்கு அது நிஜமாக இருக்கலாம். அவள் எந்த ஞானத்தையும் அடையவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். அதனால் தெரிந்த ஒன்றைச் செய்தாள்.

"எத வச்சி அவங்க அழலன்னு சொல்றீங்க அண்ணி?"

எல்லம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "கண்ணுல தண்ணி இல்லயே, தெரியல?"

"இன்னும் இன்னா தெரியுது?"

சண்டைக்கு இழுத்திருந்தால் எல்லம்மா சண்டை போட்டிருப்பாள். கெஞ்சியிருந்தால் உதறியிருப்பாள். மோகனாவின் முகத்தில் இரண்டும் இல்லை. அதனால் வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கிட்டத்தில் போனாள். "ஒருத்தன் வாய இறுக்க மூடினு இருக்கான்" என்றாள். இன்னும் உற்றுப் பார்த்து, "கைய... கைய எங்க வச்சிக்கறதுன்னு தெரியாம துணிக்குள்ள சுத்தி வச்சினு இருக்கான்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "யாரும் தன்ன பாத்துடக் கூடாதுன்னு ஓரமா..."

பாதியில் நிறுத்திவிட்டுப் படத்தை விட்டு விலகி வந்தாள். "எங்க லச்சிதா நிக்கிற மாதிரியே நிக்கிறான்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். ராஜம்மாளின் பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். மோகனா அவளுக்கு அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மணி ஆகிவிட்டது என்று மற்றவர்களை எழுப்பி வெளியே அனுப்பினாள்.

சஹர் மேடம் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். "அட்டையில இருந்த விஷயம் பாதி சொல்லலக்கா. நிலையாமை சொல்லல, வெளுத்துப் போன மரம் சொல்லல" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்; அவளும் அழுதிருந்தாள். "பரவால்ல. இந்தப் படத்துக்கு முன்னாடி யாரும் இவ்ளோ நேரம் இருந்து நான் பார்த்ததே இல்ல. ஒண்ணாந் தேதியிலேர்ந்து வந்துடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்." "சரி மேடம்" என்றாள் மோகனா. வேலை கிடைத்துவிட்டது. எதற்காக இத்தனை மாதம் அட்டை அட்டையாகப் படித்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம் வருமோ என்று கொஞ்சம் நின்று பார்த்தாள், வரவில்லை, வெளியே போனாள்.

முற்றத்தில் மோர்ப் பானை வைத்தது வைத்தபடி இருந்தது. பெண்கள் குழாயடியில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் தண்ணீர் படாமல் எதையாவது வாயில் வைப்பார்களா? காலைக் கழுவி, முகத்தைக் கழுவி, தலையில் நாலு கை அள்ளித் தெளித்து, சீலையெல்லாம் நனைந்து நின்றார்கள். "குளிச்சாத்தான் முறை, இங்க எங்க குளிக்கிறது" என்று கோவிந்தம்மாள் காஷிஃபிடம் வாளி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லம்மா மட்டும் கழுவவில்லை. வேப்பமர நிழலில் தனியாக நின்றாள்.

"வேல கெடச்சிதா?"

"கெடச்சிது அண்ணி."

"சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவியா?"

"ஆறுக்குள்ள வந்துடுவேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம வந்து கூட்டினு போயிடு."

எத்தனை நாளாக இந்தப் பேச்சுக்கு மோகனா பதில் தயார் செய்து வைத்திருந்தாள்! பக்கத்து வீட்டில் வஹீதாக்கா பார்த்துக்கொள்வார், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான், பெற்றவள் நான், என்று வரிசையாக. ஒன்றும் தேவைப்படவில்லை. சாயங்காலம் வீடு திரும்புகிற ஒரு வேலைக்காக மட்டும் எல்லம்மா இப்படி விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை. "ஏன் அண்ணி?" என்று கேட்டாள்.

எல்லம்மா முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தாள். "புள்ள அழவே இல்லமே" என்றாள்.

மோகனாவுக்குப் புரியவில்லை.

"அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ஒரு தரம் அழல. உன்னத்தான் ஊரெல்லாம் கல்லுன்னு சொல்லினு திரிஞ்சேன். என் வூட்டுக்குள்ள ஒண்ணு உக்காந்துனு இருக்குது. சோறு போட்டா துன்னுது. துணி எடுத்தா தேங்க்ஸ் அத்தன்னுது. போன மாசம் ஓடையில வுழுந்து முட்டி பேந்து ரத்தம் கொட்டுது, பதறினு ஓடறேன், ஒண்ணுமில்ல அத்தன்னு என்னையே சமாதானம் பண்ணுது. ஒம்போது வயசு புள்ள பண்ற வேலையா இது? நான் அழுதா பக்கத்துல வந்து உக்காந்து முதுகத் தடவுது. அது அழ மாட்டேங்குது. கட்டிப் புடிச்சி பாத்துட்டேன், திட்டிப் பாத்துட்டேன், பூசாரிகிட்ட கூட்டினு போயிட்டேன். எனக்கு பயமா இருக்குது மோகனா."

"ஏன் அண்ணி சொல்லல?"

"எந்த மூஞ்சிய வச்சினு சொல்லுவேன்? அழாதவகிட்ட வுட மாட்டேன்னு பத்து பேர் முன்னாடி பேசிட்டு." எல்லம்மாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவளுக்கு அது எப்போதும் சுலபம். "நீ வாரா வாரம் வர்ற. எதுர்ல உக்காருற. உனக்குக்கூடவா தெரியல?"

தெரியவில்லை. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். அத்தோடு எழுந்து பஸ்ஸுக்குப் போனவள்தான். யாரோ எப்போதோ தீட்டிய படத்தின் முன்னால் நின்று, இதில் என்ன தெரிகிறது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஊரையே கேட்கக் கற்றுக்கொண்டவள், பெற்ற பிள்ளையை வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் பார்த்துவிட்டு ஒன்றும் பார்க்காமல் வந்திருக்கிறாள். பிள்ளை தொல்லை தரவில்லை என்று நினைத்தாளே! தொல்லை தரத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறது அது. தன்னைப் போலவே கிடந்திருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். சோறு எப்படி இருக்கும், பேச்சு எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கும், விடியற்காலை எப்படி இருக்கும், எல்லாம் தெரியும். அதை ஒரு குழந்தை தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறது.

தனக்கு என்ன ஆகிறது என்றே மோகனாவுக்கு முதலில் பிடிபடவில்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போன காலில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி ஆள் முழுக்கக் குத்தியது. அழுகை வரவில்லை. பயம் வந்தது.

"உக்காருமே, இன்னா ஆச்சி?" என்று எல்லம்மா தாங்கிப் பிடித்தாள்.

"ஸ்கூலு எத்தன மணிக்கு வுடறாங்க?"

"நாலே கால். ஏன்?"

"ஞாயித்துக்கெழம வேணாம் அண்ணி." மோகனாவின் குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் இப்பவே வர்றேன். உங்க வண்டியிலயே வர்றேன்."

எல்லம்மா குழாயடிப் பக்கம் திரும்பி, "டிரைவரக் கூப்புடுங்கடி" என்று கத்தினாள்.

மோர் குடித்தும் குடிக்காமலும் ஈரச் சீலையோடு பெண்கள் வேனில் ஏறினார்கள். மோகனா கழுத்தில் மாட்டியிருந்த வழிகாட்டி அட்டையைக்கூடக் கழற்றாமல் ஏறினாள். கோவிந்தம்மாள் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். எல்லம்மா ஏறும்போதே விஷயத்தை அவள் காதில் போட்டிருந்தாள். டிரைவர்தான் திரும்பிப் பார்த்து, "தங்கக் கோவிலுக்குத்தானேக்கா?" என்றார்.

"ஒடுகத்தூரு வழியா ஆலங்காயத்துக்கு வுடு" என்றாள் கோவிந்தம்மாள். "புள்ள ஸ்கூலு வுட்டு வர்றதுக்குள்ள போவணும்."